முக்கால் மில்லிமீட்டர்

ஆழமான பானையில் குமிழிக்கு அவசரமில்லை.
அடியில் பிறக்கும், பருக்கும்,
பிடியை விட்டு மேலே மிதந்து வரும்.

இங்கே, ஜூரோங்கில், மூன்றாம் மாடியில்,
தாமிரத் தகட்டின் மேல்
இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர்.
எழுந்து நிற்பதற்குள் தலை இடிக்கிறது.
கட்டிலிலிருந்து காலை இறக்கினால்
கதவில் முட்டும் என் வாடகை அறையைப் போல.
கிளம்பிப் போக வழியில்லை;
பிறந்த இடத்திலேயே உடைந்து
தகட்டின் சூட்டைக் காற்றில் எறிகிறது.

மெலிந்த நீர்தான் அதிகம் சுமக்கிறது.
நான் சொல்லவில்லை, திரையில் கோடு சொன்னது.
இன்னும் குறை, என்றான் கியன் செங்.
ஒன்றரை.
ஒன்று.
கோடு ஏறிக்கொண்டே போனது.
அவன் வாங்கி வைத்த மீன் சூப்
மூடிக்குள் வியர்த்து, ஆறி,
யாரும் தொடாமல் கிடந்தது.

முக்கால்.

முதலில் கடுகளவு வறட்சி.
நீர் விலகியது, சீறிக்கொண்டு வந்து மூடியது.
அடுத்தது இருபது காசு அகலம்.
இந்த முறையும் வந்தது,
விளிம்பு வரை வந்து
நின்றுவிட்டது.
பயந்துவிட்டது என்று எழுதினால்
ஆய்விதழில் அடித்துவிடுவார்கள்.
எனக்கு அப்படித்தான் தெரிந்தது:
ஒரு கரை, நடுங்கிக்கொண்டு,
தன் பழைய இடத்தைப் பார்க்கிறது.

நூற்றிருபது. நூற்றைம்பது.
பிறகு எண்கள் படி தாண்டி ஓடின.
"குணவதி, கட் பண்ணு!"
விரல் விசையின் மேல்தான் இருந்தது.
இருந்தது, அவ்வளவுதான்.
இரண்டு விநாடி. மூன்றாகவும் இருக்கலாம்.
தாமிரம் ஆரஞ்சாகி, ஊதாவாகி,
இதுவரை நான் பெயர் வைக்காத ஒரு நிறமாகி,
அடியில் கம்பிச்சுருள் கருகும் வாடை.

படிவத்தில் ஒரு கட்டம்:
தாமதத்துக்குக் காரணம்.
விசை இறுகியிருந்தது, என்று எழுதினேன்.
கியன் செங் எழுந்து போய்
அந்த விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.
டிக்.
திரும்பி வந்து கையெழுத்துப் போட்டான்.
சூப்பைக் குப்பையில் கொட்டினான்.

மாலை, 179க்காக நிற்கிறேன்.
பத்து நிமிடம் பெய்து விட்ட மழை,
அதன் மேல் மறுபடி வெயில்.
தார்ச்சாலை முழுக்க ஆவி.
நடு வழித்தடத்தில், லாரிச் சக்கரம் போன தடத்தில்,
ஒரு திட்டு உலர்கிறது.
உள்ளங்கை அளவு. தட்டு அளவு.
கரை இன்னும் அசைகிறது.

பேருந்து வந்து கதவைத் திறக்கிறது.
ஓட்டுநர் என்னைப் பார்க்கிறார்.
நான் கையசைக்கிறேன்,
நீங்கள் போங்கள்.