அழுத்தினால் எரியும்

ஐம்பத்து மூன்று வயதில்தான்
போக்னாவுக்குத் தெரியவந்தது,
இத்தனை நாளும் தப்பாகப் பல் துலக்கியிருக்கிறாள் என்று.

பல்லில் சொத்தை ஒன்றுமில்லை என்றார் மருத்துவர்,
கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்து.
ஈறுதான் இறங்கிவிட்டது. பாருங்கள்,
கடல் உள்வாங்கிய கரை மாதிரி.
கப்பலடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுகிறவர்போல
அழுத்துகிறீர்கள்.
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா?

விழித்திருக்கும்போதும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்
என்று சொல்ல நினைத்தாள்,
வாயில் அவர் விரல் இருந்தது.

மின்சார பிரஷ் வாங்கிவிடுங்கள்.
அளவுக்கு மீறி அழுத்தினால்
அதன் கழுத்தில் சிவப்பு எரியும்.

ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே கடை.
கதான்ஸ்கில் நவம்பர், நாலு மணிக்கே இருட்டு.
கொக்கியில் தொங்குகிறது ஒன்று:
பச்சைக் கைப்பிடி, மெல்லிய நார், ஏழு ஸ்லோட்டி.
மற்றது முந்நூற்று நாற்பது,
திருட்டுக்குப் பயந்து கண்ணாடிக்குள்.
பல் துலக்குகிற சாமானுக்குப் பூட்டு!
நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் அதிர்வு,
ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை நாள்,
எல்லாம் பெட்டியில் அச்சடித்திருந்தது.
அவள் அதையெல்லாம் படிக்கவில்லை.
அந்தச் சிவப்புதான்
செருப்புக்குள் கல்லாய் உறுத்தியது.

அழுத்தினால் எரியும் விளக்கு
எங்கெங்கே இருந்திருக்கலாம்.

பேனாவில் இருந்திருக்கலாம்.
அவள் கையெழுத்து
மூன்றாம் நகலையும் தாண்டி மேசையில் பதியும்.
சீப்பில். மகளுக்கு ஜடை பின்னும்போது
அந்தப் பிள்ளையின் புருவம் மேலே ஏறிக்கொள்ளும்,
எப்போதும் எதற்கோ ஆச்சரியப்படுகிற முகத்தோடு
பள்ளிக்கூடம் போய்வந்தாள்.
நாக்கில்.
எங்கே போயிருந்தாய் ரெமிகியூஷ்,
இரண்டாம் முறை கேட்டபோதே எரிந்திருக்க வேண்டும்.
அவள் ஏழாம் முறையும் கேட்டாள்.
எட்டாவதற்கு
பதில் சொல்ல ஆள் இல்லை.

சாவியோடு வந்து நிற்கிறான் கடைப்பையன்.
திறக்கட்டுமா, மேடம்?

இதில் வேடிக்கை என்னவென்றால்,
துறைமுகத்தில் இவளைப் பற்றி வேறு பேச்சு.
நாற்பது மீட்டர் உயரத்தில்
கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
கட்டைவிரலும் இரண்டு விரலுமாய் நெம்புகோலைத் தொட்டு
முப்பது டன் பெட்டியை
காற்றுக்கு நடுவே நடத்திப் போய் இறக்குவாள்,
தட்டில் கோப்பை வைக்கிற சத்தம்கூட வராது.
கீழே நின்று வழிசொல்லும் ஜெனோன் சொல்வான்:
போக்னா இறக்கினால்
கப்பலுக்கே தெரியாது.

அந்தக் கையும் இந்தக் கையும் ஒன்றுதானே.

கொக்கியிலிருந்து பச்சையை எடுத்தாள்.
முஷ்டியில் பிடிக்கவில்லை.
கட்டைவிரல், இரண்டு விரல்.
கடை நடுவே, ஷாம்பு வரிசைக்கு முன்னால்,
காற்றில் சின்னச் சின்ன வட்டம் போட்டுப் பார்த்தாள்.
பையன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
பைத்தியங்கள் அவனுக்குப் புதிதல்ல.

ராத்திரி, குளியலறைக் கண்ணாடி.
முன்பற்கள் சொன்னபடி கேட்டன.
கடைவாய்க்குப் போனதும் கை
பழைய வழக்கத்துக்குத் தாவிவிட்டது,
நார் நாலாபக்கமும் விரிந்து மடங்கியது.
நிறுத்தினாள்.
மறுபடி தொடங்கினாள்.
ரேடியோவில் ஜெனோன் சொல்கிற மாதிரி
தனக்குத்தானே, நுரைக்குள் குழறி:
இறக்கு, இன்னும் கொஞ்சம், இன்னும் மெல்ல,
தொட்டாச்சு. போதும்.

துப்பினாள்.
வெள்ளைப் பீங்கானில் நுரை,
ஓரத்தில் லேசாக இளஞ்சிவப்பு.

எத்தனையோ வருடமாய்
பார்த்த உடனே குழாயைத் திறந்து
அவள் கழுவிவிட்டுப் போன நிறம்.

இன்றைக்குக் குழாயைத் திறக்கவில்லை,
கொஞ்ச நேரம்.