ஓட்டில் எழுதுபவள்

மஹஜங்காவில் ஒரு பல் மருத்துவர் கழித்துப் போட்ட துளைப்பான் இது.
ஜெனரேட்டர் இருமி இருமி ஓடும் காலையில்
சுவாஸாரா ஆமையை மடியில் அமுக்கிக்கொள்வாள்,
நான் எழுதுவேன்.
நாட்டின் பெயருக்கு இரண்டு எழுத்து, அதன்கீழ் எண்.
நகம் தீய்கிற வாடை.
வெண்தூள் என் இமையில் படியும்.
ஐந்தையும் உள்ளிழுத்துக்கொண்டு அது விடும் மூச்சு
சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போலிருக்கும்.

வலிக்காது என்று பயிற்சியில் சொன்னார்கள்.
நான் அதனிடம் கேட்டதில்லை.

கவிழ்த்த கிண்ணம் போல் மேடு,
பொன் நிறம், ஓரங்களில் கருகிய தேன்.
இந்த அழகுக்குத்தான் விலை.
வாங்குகிறவனுக்குக் கீறல் பிடிக்காதாம்.
ஆகவே அழகைக் கெடுப்பதற்கு
எனக்கு மாதச் சம்பளமும் அரை மூட்டை அரிசியும்.

எங்கள் கரையோர ஊரில்
ஆமை புகுந்த வீட்டில் கோழி சாகாது.
அத்தையின் கூண்டில் ஒன்று தவிடு தின்றுகொண்டிருந்தது,
முதுகில் எப்போதும் இரண்டு குஞ்சுகள் நிற்கும்.
அங்கொனோகாவைத் தின்பது விலக்கு.
விற்பது பற்றி முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை.
அவர்கள் காலத்தில் வாங்க ஆளில்லை.

மஹசூலு எங்கள் இரவுக் காவலாள்.
நான்கு மாதம் சம்பளம் வரவில்லை அவனுக்கு.
எனக்கும்தான்.
மே மாத அமாவாசையில் வேலி அறுபட்டது.
அறுந்த கம்பி வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.
போலீஸ்காரர் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன்,
இருவரும் நிமிர்ந்தோம்.
பெண் ஒன்று, ஆண் இரண்டு.
ஆகஸ்டில் அவன் மனைவி தகரக் கூரை போட்டாள்.
அதில் மழை எப்படிக் கேட்கும் என்று
ஓரிரவு விழித்துக் கிடந்தேன்.
பொறாமைதான், வேறென்ன.

கூரையில் ஒரு மழைக்காலம்கூட அவன் தூங்கவில்லை. பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஆமைகள் அதற்குள் கடல் தாண்டியிருந்தன.

பதினேழு மாதம் கழித்து
ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து மரப்பெட்டி வந்தது.
குட்டிகள் ஆளுக்கொரு காலுறைக்குள் இருந்தனவாம்,
காலும் தலையும் வெளிவராமல் ஒட்டுநாடா சுற்றி.
நாற்பத்தொன்றில் உயிரோடு ஒன்பது.
பெரியது ஒன்றே ஒன்று.
அதன் ஓட்டில் எண் இல்லை.
யாரோ கீறலில் பிசின் நிரப்பி, தேய்த்து, நிறம் தீட்டியிருந்தான்.
என்னைவிட நல்ல கை அவனுக்கு.

குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்றினேன்.
ஓடு நனைந்து கறுத்தது. பிசின் நனையவில்லை.
வெளிறிய கோடாக மேலெழுந்து வந்தது
வால் நீண்ட ஓர் ஏழு.
பள்ளியில் அந்த வாலுக்காக அடி வாங்கியவள் நான்.

சுரண்டி எடுத்துவிட்டு
அதே இடத்தில் மறுபடி எழுதினேன்.
சுவாஸாரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த ஆண்களின் தொண்டைக்குக் கீழே ஓர் ஏர்க்கொழு நீண்டிருக்கும்.
இன்னொருவனை முட்டிக் கவிழ்த்தால்தான்
பெண் நினைவே வரும்.
திரும்பி வந்தவன் முட்டவில்லை.
முட்டினால் கவிழ்ந்தான்.
வானத்தைப் பார்த்துக் கால்களை ஆட்டக்கூட இல்லை.
நாளைக்கு மூன்று முறை நிமிர்த்தி வைப்பேன்,
மூங்கில் நிழலுக்குப் போய்விடுவான்.

மஹசூலு இப்போது கரிமூட்டை சுமக்கிறான்.
சாலையில் எதிர்ப்பட்டால் மூட்டையை இறக்காமலே கேட்பான்,
"சாப்பிடுகிறதா?"
சாப்பிடுகிறது என்பேன்.
எதைப் பற்றி என்று அவனும் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

இரண்டாவது அக்டோபரில் ஒரு மதியம்,
கீரைத் தட்டோடு போன சுவாஸாரா
தட்டை மெதுவாகத் தரையில் வைத்தாள்.
கொழு தாழ்ந்திருந்தது.
ஓட்டில் ஓடு மோதும் சத்தம், விறகு பிளப்பது போல,
ஒன்று,
வெகுநேரம் கழித்து இன்னொன்று.

அடுத்த மழைக்கு மண் இளகியபோது
நான்கு குஞ்சுகள் தாமாகவே மேலே வந்தன.
ஐந்தாவது முட்டை மண்ணிலேயே கிடந்தது.
ஒன்றைக் கையில் எடுத்தேன்,
எலுமிச்சை அளவு.
எழுத இடமில்லை.

வளரட்டும்.
துளைப்பானுக்கு எண்ணெய் போட்டு
உறையில் வைத்திருக்கிறேன்.