மூன்றாம் நாள், இரண்டாம் அமர்வு

குளிர்கால விடுமுறையில் மூன்று நாளைப்
பிடுங்கிக்கொண்டார்கள்.
நாரின் நகரம், நான்காம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே கூடைப்பந்து வளையத்தின் கீழ்
நாற்பது ஆசிரியர்கள், நாற்பது கோட்டு,
பனி உருகி வழியும் எண்பது பூட்ஸ்.

யாராவது போய்த்தான் ஆகவேண்டும் என்றார் தலைமையாசிரியர்.
யாராவது என்றால் நான்.
ஓய்வுக்கு ஆறு வருடமே இருப்பவளுக்கு
இனி என்ன கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று
ஸைனகானிடம் கேட்டேன்.
"மதியச் சாப்பாடு உண்டாம்" என்றாள்.

முதல் நாள் வட்டமாக உட்காரவைத்து
ஆளுக்கொரு விலங்காகச் சொன்னார்கள்.
வகுப்பில் ஒருவரையும் சிரிக்கவிடாத
இயற்பியல் ஊருஸ்பெக் எழுந்து,
"நான் கரடி. இந்த மாதத்தில்
என்னை எழுப்பியிருக்கக் கூடாது" என்றார்.

இரண்டாம் நாள் சார்ட் பேப்பர்.
ஸ்கெட்ச் பேனாவால் மரம் வரைந்து
கிளைதோறும் நோக்கங்களை மாட்டினோம்.
வேரில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
'ஒத்துழைப்பு' என்று எழுதினோம்.
எதில் போட்டாலும் கரையும் சொல், உப்பு மாதிரி.

மூன்றாம் நாள்
பிஷ்கெக்கிலிருந்து வந்த அதினாய்,
என் மகளைவிட இளையவள்,
ஆளுக்கொரு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
திருப்பினால் நம் எழுத்துதான், ஆனால் இல்லை.
பாதி எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் புரண்டு கிடக்க
மீதி, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்தது.
"சத்தமாக. ஆளுக்கு இரண்டு வரி."
ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

எனக்கு முன் ஏழு பேர்.
என் வரி எதுவென்று எண்ணிப் பிடித்து
அதை மட்டும் மனப்பாடம் செய்யப் பார்த்தேன்.
நாலு பேர்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.
இரண்டு பேர்.
ஸைனகானின் தாளை எட்டிப் பார்த்தேன்.
கையால் மறைத்துக்கொண்டாள், பாவி.
ஒருவர்.
பேனா கீழே விழுந்தது.
விழுந்தது என்றா சொன்னேன்? போட்டேன்.

காலடியிலேயே கிடந்த பேனாவைக்
குனிந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான்
எர்மெக்.
ஆறாம் வகுப்பு, ஜன்னலோர மூன்றாம் பெஞ்சு.
ஒரு நாளில் எத்தனை பேனா விழும் அவனுக்கு!
எத்தனை தாகம், எத்தனை இருமல்,
முறை வரும்போது மட்டும் வரும் எத்தனை வேடிக்கைப் பேச்சு,
வகுப்பே சிரிக்க, நான் அவனை வெளியே நிறுத்த.

"கொஞ்சம் கவனம் வைத்தால் உங்களால் முடியும்"
என்றாள் அதினாய், மென்மையாக.
அது என் வாக்கியம்.
அவன் நாட்குறிப்பேட்டில், சிவப்பு மையில்,
செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு ஒன்று.

வாசித்தேன்.
உறைந்த ஆற்றில் துளையிட்டு
ஒவ்வொரு வாளியாய் இழுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாய்.
காது இரண்டும் கொதித்தன.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஊருஸ்பெக் சிரிக்கவில்லை.
அடுத்தது அவர் முறை.

கடைசியில் மஞ்சள் ஒட்டுத்தாள்: இன்று கற்றது என்ன?
'போர்சோக் சூடாக இருந்தது' என்று எழுதி ஒட்டினேன்.
சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது.
மாற்றித் தருகிறேன் என்றாள்.
வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றேன்.
கணவாய் ஏறும் வேனில்
அதைச் சுருட்டிக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு
ஸைனகானோடு பேசாமல் வந்தேன்.
தாளை மறைத்ததற்காக என்று அவள் நினைத்திருப்பாள்.
கொஞ்சம் அதற்காகவும்தான்.

விடுமுறை முடிந்த திங்கள்.
மூன்றாம் பெஞ்சு வரை வந்துவிட்டது பாடம்.
பேனா விழுந்தது.
முழங்கால் கிரீச்சிட நானும் குனிந்தேன்.
மேசைக்கடியில் காய்ந்த சூயிங்கம்,
யாரோ காம்பஸால் கீறிய குதிரை,
அப்புறம் அவன் முகம்,
திட்டு விழும் திசையை அறிந்த முகம்.

முதல் சொல்லை அவன் காதில் சொன்னேன்.
இரண்டாவதையும்.
மேலே வகுப்பு காத்துக்கொண்டிருந்தது.
காத்திருக்கட்டும்.
பேனாவை இன்னும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.