ரயிலுக்கு முன் இரண்டரை மணி நேரம்

பெட்ஷீட் ஆர்டர் கொடுக்க வந்த தில்லிக்காரர்
குல்தீப், பாதித் தமிழில் கேட்டார்:
"கரூர் தலைநகரமா இருந்துதாமே, எங்கே அது?"
கோட்டையெல்லாம் இல்லீங்க,
ஏறுங்க ஆட்டோவுல, என்றேன்.

பஸ்பாடி கட்டும் பட்டறையில்
தகரம் போர்த்தாத பேருந்து ஒன்று
விலா எலும்போடு நின்றது.
கண்ணாடியில்லாத ஜன்னலோரம் குந்தி
"தில்லி ஒண்ணு" என்றார் காற்றிடம்.
வெல்டிங் பையன் முகமூடியைத் தூக்கி
"சில்லறையாக் குடுங்க."

அப்புறம் அமராவதி. தண்ணி கணுக்கால் மட்டும்.
நல்லணன் சல்லடையில் மணல் அரித்துக்கொண்டிருந்தான்.
"ராசா போட்ட காசு கெடைக்குமா?"
"கெடைக்குமுங்க. நேத்து பேன்ட் பட்டன் ரெண்டு."
குல்தீப் சிரிக்கவில்லை.
பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ரெண்டு பொட்டலம் கரம் வாங்கித்
திரும்பி வருகிறேன்,
அவர் உள்ளங்கையில் கறுத்த வட்டம்.
எச்சில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க
வில்லா, யானையா, எவன் தலை என்று
மூன்று பேரும் மூச்சை அடக்கி...

காண்டாமிருகம். நாலணா.
"உங்கூர் போட்ட காசுதானுங்க" என்றான் நல்லணன்,
"இப்பச் செல்லாது."

ரயில் போய்விட்டது.
நூற்றெண்பது கேட்டேன் வாடகை.
நூற்று முப்பதில் நின்று பேரம் பேசியவர்
நாலணாவை மட்டும்
தனிப் பையில் போட்டுக்கொண்டார்.