லஸ் முனை, முந்தைய பதிப்பு

மெட்ரோவுக்காகச் சாலையை மூடிய இரவில்
மின்னஞ்சல் வந்தது:
லஸ் முனை நிறுத்தத்தை முந்நூறு அடி தள்ளி வை.

நகரத்தின் ஆறாயிரத்துச் சொச்சம் நிறுத்தங்கள்
என் தரமணி மேசையில் ஒரே வரிசை.
எழுதியபின் திருத்த முடியாத வரிசை.

"ஒண்ணை மாத்த
ஆறாயிரத்தையும் நகலெடுக்கணுமா?"
ஃபிர்தௌஸ் கொட்டாவியோடு கேட்டான்.

வேண்டாம்.
வேரிலிருந்து அந்த இலை வரைக்கும்
மூன்றே கணுக்கள் புதிது.
கணுவுக்கு முப்பத்திரண்டாய்க் கிளைத்த மற்றதெல்லாம்
பழைய மரத்தினுடையவை.
திருவான்மியூர் அசையவில்லை.
வியாசர்பாடிக்குச் சேதியே போகவில்லை.
இரண்டு மரங்களும் விரல் நீட்டுவது
ஒரே கொளத்தூரை நோக்கித்தான்.
ஒரே அடிபம்பில் இரண்டு குடித்தனம்,
ஆனால் குடச்சண்டை இல்லை.
யாரும் கை வைக்க முடியாததில்
சண்டை ஏது?

காலை ஏழேகாலுக்குப் போய்ப் பார்த்தேன்.
பலகை பிடுங்கிய பழைய இடத்தில்
தூறலில் நின்றிருந்தார் ஒருவர்,
அக்குளில் எக்ஸ்ரே உறை.
"பஸ்ஸு இங்கதானே நிக்கும்?"

யாராவது ஒருவர் பிடித்திருக்கும்வரை
எந்தப் பதிப்பும் குப்பைக்குப் போகாது.
நான் எழுதிய விதியில்லை,
தினமும் நம்பிப் பிழைக்கிற விதி.
அவர் காலடியில் அது அப்படியே இருந்தது.
பஸ் மட்டும்
புதிய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

கூடவே நடந்தேன்.
முந்நூறு அடிதான், நடுவில் பள்ளம், தகரத்தடுப்பு.
உறை நனையாமலிருக்க
என் மடிக்கணினிப் பையில் வாங்கி வைத்தேன்.