தையலுக்குள் கிடக்கும் துணி

பத்தொன்பது கிலோ இறங்கிய வருடம்
கந்தோர் முழுக்க என்னைத்தான் பார்த்தது.
தண்ணீர் பில் கட்ட வந்தவர்கள்கூட
கண்ணாடித் துளைக்குள்ளால் கேட்டார்கள்:
"என்ன சாப்பிடுறனீங்கள், சொல்லுங்கோவன்."
சிலர் குரலைத் தாழ்த்தி,
"சீனி வருத்தமோ?"

இது மூன்றாவது வருடம்.
இப்போது ஒருவரும் கேட்பதில்லை.
இறங்கினால் கைதட்டுகிறார்கள்.
இறங்கிய இடத்திலேயே நிற்பவளுக்கு
யார் தட்டுவார்?

ஐந்து பத்துக்கு டச்சுபேக் கரை.
சப்பாத்துக்குள் நேற்றைய மணல்.
கடலைப் பார்க்கவென்று போவதில்லை,
பார்த்தால் நின்றுவிடுவேன்.
கோட்டை வாசலடியில் ஒரு மான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றைத் தின்கிறது,
சோறு ஒட்டியிருந்த பக்கத்தை முதலில்.
அதோடு எனக்குக் கோபமில்லை.
பிள்ளைகள் மிச்சம் விட்ட கோப்பைகளோடு
குசினியில் தனியாய் நின்று
நானும் அப்படித்தான் தின்றேன்.

புட்டுக்கு ஒரு நீலக் கிண்ணம் இருக்கிறது.
விளிம்பு உடைந்தது,
வேறு யாரும் எடுக்கமாட்டார்கள்.
அதில் கொள்வது என் காலை.
பிளேன்ரீக்குச் சீனி விட்டதை மறந்தே போனேன்,
கடையில் யாராவது போட்டுத் தந்தால்
நாக்கு திடுக்கிட்டு ஞாபகப்படுத்தும்.
வெள்ளிக்கிழமை தராசு.
தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவேன்.
"தோடு எத்தனை கிலோ?" என்பார் யோகேந்திரன்,
பல் தீட்டிக்கொண்டே.

ஆவணியில் தம்பி மகளுக்குக் கலியாணம்.
உப்புவெளியில் நாலு நாள்.
பயத்தம் பணியாரம், பக்கத்து வீட்டு வட்டிலப்பம்,
"மெலிஞ்சவ தின்னலாம்" என்று
கையைப் பிடித்து வைத்தார்கள்.
நானும் இழுத்துக்கொள்ளவில்லை.
ருசியாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி
இரண்டு கிலோவும் கொஞ்சமும்.
தராசு முள் பிசகாமல் நின்றது,
விலை போகாத சாட்சிபோல.
முந்தி என்றால்
போனது போகட்டும், தை பிறக்கட்டும் என்று
மார்கழிவரை தின்றிருப்பேன்.
சனி, ஐந்து பத்து. தூறல்.
போனேன்.
அதைப் பெரிதாய்ச் சொல்ல ஒன்றுமில்லை,
சப்பாத்து நனைந்தது, அவ்வளவுதான்.

கந்தோருக்குப் போடும் சாறிச் சட்டை
கைக்குழியில் இறுக்கியது.
மத்திய வீதியில் நிஹாறா ராத்தாவிடம் கொண்டு போனேன்.
மூன்று வருடத்துக்கு முன்
அவதான் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தந்தவ.
"ரெண்டு விரல் துணி உள்ளுக்க கிடக்கு,
நான் வெட்டல்ல.
பொம்புளைட உடம்பு எனக்குத் தெரியாதா?"
அன்றைக்கு இதைச் சொன்னபோது
காசைக் கொடுத்துவிட்டு முகம் கொடுக்காமல் வந்தேன்.

"அவிழ்க்கவா?" என்றா, ஊசி வாயில்.
வேணாம். ஒரு மாதம் பாப்பம்.
"அப்ப வெட்டி எறியவா?"
வெளியே கண்டி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
அதுவும் வேணாம் என்றேன்.
இருக்கட்டும்.

பகல் பன்னிரண்டுக்குக் கவுண்டரில் வியர்க்கையில்
அந்த மடிப்பு விலாவில் உரசும்.
அது எனக்கு எதிரி என்றும் இல்லை.
ஒரு பழைய ஆள்
உள்ளே சாய்ந்து இருக்கிறாள்.
கதவைத் திறக்கவில்லை,
துரத்தவுமில்லை.

புரட்டாதி கடைசி வெள்ளி
முள் பழைய இடத்துக்கு வந்தது.
நான் யாருக்கும் சொல்லவில்லை.
இரவு படுத்த பிறகுதான்
பயறு ஊறப்போடாதது ஞாபகம் வந்தது.
எழும்பிப் போய்
ஒரு பிடி போட்டுவிட்டு வந்தேன்.