பொருள் எண் ஏழு

எட்டாவது வார்டு தேசம்மாள் எழுந்து கேட்டார்:
வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு
ஆந்திராவிலிருந்து தலைவருக்கு ஒரு போன்.
பதினாலு நிமிஷம்.
என்ன பேசினீர்கள்?

என் சொந்த போன், என் சொந்தப் பேச்சு, என்றார் தலைவர்.
அந்தப் பக்கத்துச் சேர்மன் எனக்குச் சிநேகிதர்.
பெண்ணுக்கு வரன் தேடுகிறார்.

மூன்று மணிக்கு அங்கே அணையைத் திறந்தார்கள்.
கொசத்தலையில் தரைப்பாலம் போனது.
தேசம்மாள் தெருவில் இரண்டு மாடு,
தவணை முடியாத ஒரு டிவிஎஸ்.
தலைவரின் மணல் லாரிகள் மட்டும்
பன்னிரண்டரைக்கே மேடேறி நின்றிருந்தன.
இதை யாரும் சொல்லவில்லை,
ஆகவே நானும் எழுதவில்லை.
பேசியதை மட்டும் எழுதுகிற கிளார்க் நான்.

அப்போது வண்டி ஓட்டியவரைக் கூப்பிடுங்கள்.

ஜம்புலிங்கம் வந்தார்.
"அவங்க பேசினது தெலுங்கு.
எனக்குத் தெலுங்கு வராதுங்க."

மன்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.
இந்த ஊரில் தெலுங்கில் அதட்டினால்தான்
நாய்கூட நகரும்.
ஜம்புலிங்கம் மனைவியோடு மல்லுக்கு நிற்பதும்
பேரனைத் தூங்கவைப்பதும் அதில்தான்.
எனக்கு எதிர்வீடு.

"எழுதிக்கோ கிளார்க், தெலுங்கு வராதாம்."

எழுதினேன்.

பிறகு தேசம்மாள் அவர் பக்கம் திரும்பி,
தெலுங்கில், ரொம்பச் சாதாரணமாக,
அண்ணா, உங்கள் செருப்பு வார் அறுந்திருக்கிறதே என்றார்.

ஜம்புலிங்கம் குனிந்து பார்த்தார்.

அவர் குனிந்ததை
எந்தப் பத்தியில் எழுதுவது?
நாளைக் காலை பத்து மணிக்கு
தலைவர் கையெழுத்துக்குப் புத்தகம் போகவேண்டும்.